காப்புக்குள் நாலு முட்டை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை.

இவருக்குத் திங்கட்கிழமை பதுளையில் ஒபரேஷன். தொண்டைப் புற்று. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டுமாம். பிறகு குழாயில்தான் சாப்பாடு. வாயால் எப்போது என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பயம்.

மத்தியானம் இவர், காற்றுக் குரலில்: "குவைத்துல இருந்து போட்டோ அனுப்புவியே, சொக்லட் கஸ்டர்ட் பை. எனக்கும் ஒருக்கா செஞ்சு குடேன் செல்வி."

ஆறு வருஷம் அங்கே வேலைக்கு நின்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு வாராவாரம் செய்தேன். கட்டின புருஷனுக்கு ஒரு தரம் இல்லை.

மாஜரின், கொக்கோ, மா, டின்பால். முட்டை?

முட்டைக்கு எங்கே போக! கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. முடியும்வரை தோட்டத்து லய வரிசையில் எந்த வீட்டிலும் கவிச்சி கிடையாது, முட்டைகூட. இவர் கையிலும் மஞ்சள் காப்பு. ஒபரேஷன் நல்லபடி நடக்க மாரியம்மனுக்கு நேர்ந்து கட்டவைத்ததே நான்தான்.

5, புதன்

மழை. முட்டைக்குப் பதில் கோன்ஃப்ளவர். பிசைந்த மாவை ஜன்னல் கட்டையில் வைத்தேன். இந்தக் குளிருக்கு ஃபிரிஜ் எதற்கு.

குவைத்திலிருந்து கொண்டுவந்த குட்டி ஓவனைப் போட்டதும் லயம் முழுக்க கரண்ட் அவுட். பக்கத்துக் காம்பரா புஷ்பம் அக்கா: "ஏன்டி, ஒன் வீட்டுல என்னா கல்யாணமா?"

கஸ்டர்ட் ஒரே கட்டி, பசை மாதிரி. முதல் கரண்டியே தொண்டையில் சிக்கி இருமல், கண்ணெல்லாம் தண்ணீர். இருமி முடித்து, "நல்லாருக்கு." பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அழுதேன்.

6, வியாழன்

அப்புத்தளைக்கு பஸ். மூடுபனி. டவுன் கடையில் நாலு முட்டை, துவாயில் சுற்றி கைப்பைக்குள். தோட்டத்து ஆள் யாரும் பார்க்கவில்லை. மாரியாத்தா, நீயும் கண்ணை மூடிக்கொள்.

எல்லாரும் மலையில் கொழுந்தெடுக்கும் நேரம் ஓவன். கரண்ட் போகவில்லை. மஞ்சள் கரு, பால், கொக்கோ, சிறு தீ. கட்டியில்லாமல் வந்தது. முட்டை ஓட்டைத் தேயிலைத் தூரில் புதைத்தேன்.

வேலை விட்டு வந்த புஷ்பம் அக்கா வாசலில் நின்று, "என்னாடி வாசம்?"

"சொக்லட்டுக்கா."

இவர்: "முட்ட போட்டியா?"

"இல்லங்க. டின்பாலுதான்."

ஒரு முழுத் துண்டு. இருமவே இல்லை. கரண்டியை வேறு நக்கினார். "அந்தப் புள்ளைங்க குடுத்து வச்சதுங்க."

எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. திங்கட்கிழமை ஏதாவது ஆனால் அது என் கையால்தான்.

10, திங்கள்

பதுளை. வெயில். தியேட்டருக்குள் எடுக்கும்முன் நர்ஸ் காப்பைக் கத்தரித்து என் கையில் கொடுத்தாள். நூல்கூட இருக்கக் கூடாதாம். முந்தானையில் முடிந்துகொண்டேன்.

சாயந்திரம் வெளியே கொண்டுவந்தார்கள். உயிர் இருக்கிறது.

12, புதன்

கழுத்தில் ஓட்டை, மூக்கில் குழாய். குரல் போயேபோய்விட்டது. இனி செல்வி என்று கூப்பிட ஆளில்லை.

வெட்டின காப்பைக் காட்டினேன். "ஆத்தா கோவிச்சுக்கிட்டாளோ" என்று வாயில் வந்துவிட்டது.

இவர் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு இரண்டு கையாலும் முட்டை ஓட்டைப் பிரிப்பது போல் செய்து காட்டினார். குழாய் இல்லாத பக்கத்து மூக்கைத் தொட்டார்.

"தெரிஞ்சேவா சாப்புட்டீங்க?"

தலையாட்டினார். மணிக்கட்டை நீட்டினார், கட்டு என்று.

காப்பைக் கையில் சுற்றினேன். முடிச்சுக்கு நூல் எட்டவில்லை.