பார்த்தாச்சு என்று ஒரு வார்த்தை

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் முட்டி மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் சுகம்தானே, காலையில் வாந்தி குறைந்ததா, வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே, பையில் எப்போதும் ஏதாவது வைத்துக்கொள். தினமும் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் பாதியில் கத்திவிடுவேன், அல்லது நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்திடம் சரிம்மா சொல்லித் தப்பிக்க முடியாது.

போன வாரம் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துக்கொண்டாய், எச்.ஐ.வி. ஒன்றை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாய். "அவரு பக்கத்துலயே நின்னாரும்மா, எடுக்கறேன்னு சொன்னா நம்மள சந்தேகப்படறாளேன்னு நினைக்க மாட்டாரா, நமக்கெல்லாம் அது எதுக்கு" என்று சிரித்தாய். நான் அன்றைக்கு வேறு பேச்சுக்குத் தாவினேன், ஏனென்றால் உன் சித்தியின் விஷயத்தை அவளைக் கேட்காமல் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. நேற்று கேட்டேன். "என்னைச் சொல்லியே எழுதுக்கா, அவளுக்காவது உறைக்கட்டும்" என்றாள்.

உட்கார்ந்துகொண்டு படி. உன் சித்திக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. விட்டு விட்டுக் காய்ச்சல், உடம்பு இளைத்தது, முதுகில் அக்கி வந்தது, வாயெல்லாம் புண். தெருமுனை டாக்டர் களிம்பு கொடுத்தார், சத்து மாத்திரை கொடுத்தார், சூடு என்றார். கல்யாணமாகி, வீடு உண்டு வேலை உண்டு என்று இருப்பவளிடம் இந்தப் பரிசோதனையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன கிளினிக்கில் ஒரு நர்ஸ்தான் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றாள். அவள் வாழ்க்கையில் உன் சித்தப்பாவைத் தவிர வேறு ஆண் கிடையாது. அவளுக்கு இருந்த ஒரே ஆபத்து அந்தக் கல்யாணம்தான், அதைத்தான் நாங்கள் எல்லோரும் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே ஆலோசனை சொல்லும் அம்மா, பெண்ணுக்கு உடம்பு அமைப்பிலேயே இது சுலபமாகத் தொற்றும், அது போதாதென்று வீட்டில் கேள்வி கேட்கவும் பயம், ஆணுறை போடச் சொல்லவும் பயம், அந்தப் பயத்திலேயே பாதிப் பேருக்கு வருகிறது என்றார். சித்தப்பா மெஷின் பொருத்துகிற வேலையாக ஊர் ஊராகப் போகிறவர். நான் அவரை என்னவெல்லாம் கேட்டேன் என்று எழுதினால் இந்தக் காகிதம் கருகிவிடும். அவருக்கும் இருக்கிறது, அவரும் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், சித்தி அவரோடு பேசுவது மட்டும் அளவோடுதான்.

நீ எங்கள் சட்டைக் கம்பெனியில், தைத்த பீஸில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளுக்கு அடியிலேயே வளர்ந்தவள், அங்கே நடந்ததைச் சொன்னால் உனக்குப் புரியும். மறுபடி வேலைக்கு வந்த அன்று சித்தி தன் நூல் கத்தரியைத் துணியில் சுற்றித் தனியாக வைத்தாள். நான் அதைப் பிரித்து எடுத்து என் பீஸில் தொங்கிய நூலை வெட்டினேன். அவள் குனிந்துகொண்டே, "நான் ரிஜெக்ட் ஆயிட்டேன்க்கா" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்று சட்டை பார்த்தவளுக்கு ரிஜெக்டுக்கும் ஆல்டருக்கும் வித்தியாசம் தெரியவில்லையா. "ரிஜெக்ட் இல்லடி, நீ ஆல்டர்" என்றேன். ரிஜெக்டைத்தான் கழித்துப் போடுவோம், ஆல்டர் என்றால் தையல் பிரிந்த பீஸை ஒதுக்கி, சரி பண்ணி, மற்ற சட்டைகளோடு அதே பெட்டியில் போட்டுத்தானே அனுப்புகிறோம். அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு அழுகையாகி, சூப்பர்வைசர் வந்து என்ன என்று கேட்கும்வரை நிற்கவில்லை. இப்போது மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை, கன்னம் பழையபடி வந்துவிட்டது, என்னோடு சண்டையும் போடுகிறாள்.

அடுத்து அதே கிளினிக்கில் பரிசோதனைக்கு உன் அப்பாவைக் கிளப்பினேன். "இந்த வயசுல நமக்கு எதுக்குடி, ஊரே சிரிக்கும்" என்றார். சிரிக்கட்டும், நீங்கள் சட்டையை மாட்டுங்கள் என்றேன். மனுஷன் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். உள்ளே போனால் பெஞ்சில் அவருடைய மேஸ்திரியே மனைவியோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார்கள். கொஞ்சம் ரத்தம், கொஞ்ச நேரம் காத்திருப்பு, தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார்கள், யாருக்கும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. அப்பா வரும் வழியெல்லாம், நான்தான் முதலிலேயே சொன்னேனே என்று பெருமை பேசிக்கொண்டு வந்தார், விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும், நீயே அவர் கையில் கொடு. மாப்பிள்ளை, உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் கம்பெனியில் கண்ணாடிக்காரர் என்று ஒரு டெய்லர், அவரைப் போலத் தைக்க ஆள் கிடையாது. அவர் தைத்ததும் எங்கள் டேபிளுக்கு வந்துதான் போகும். ஒரு தடவை பார்க்காமல் அனுப்பியதற்கு, "என் துணிய மட்டும் ஏன் விடற, நான் என்ன உன் மாமனா" என்று சண்டைக்கே வந்துவிட்டார். ஒரு நாள் அவர் மெஷினில் ஊசி வளைந்து போனது அவருக்கே தெரியவில்லை, டேபிளில்தான் தெரிந்தது. எல்லாருடையதையும் பார்ப்பதால்தான் யாருக்கும் அவமானம் இல்லை. நீங்களும் அவளோடு போய் உங்கள் கையையும் நீட்டுங்கள். அப்படி ஏதாவது இருந்தாலும் இப்போதே தெரிந்தால் மருந்து இருக்கிறது, தாய்க்கும் நல்லது, குழந்தைக்குப் போகாமலும் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்று கிளினிக்கில் ஆலோசனை சொல்லும் அம்மா அடித்துச் சொன்னார். தெரியாமல் விட்டால்தான் குழந்தைக்கு ஆபத்து. உங்கள் கூச்சத்துக்கு என் பேரப்பிள்ளை விலை கொடுக்க முடியாது.

கண்ணு, நீ பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான். பயந்துகொண்டே போ. தைரியம் வரட்டும் என்று காத்திருந்தால் பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்துவிடும். கிளினிக் ஞாபகம் வைத்திருந்து மறுபடி கேட்கும் என்று இருக்காதே, நீயே போய், அன்றைக்கு வேண்டாம் என்றேன், இன்றைக்கு எடுங்கள் என்று சொல். அப்புறமும் எப்போது எடுக்க வேண்டும் என்று அவர்களையே கேட்டுக்கொள்.

சித்தி பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறாள். பிள்ளை பிறந்து நீ இங்கே வரும்போது முதலில் தன் கையில்தான் தர வேண்டும் என்று எழுதச் சொல்கிறாள். சொல்லிவிட்டு, தருவாளாக்கா என்று என்னைக் கேட்கிறாள். அவளுக்கு நானே பதில் சொல்லிவிட்டேன், நீ என்னைப் பொய்யாக்காதே.

நீயும் பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. ரிசல்ட் என்ன என்று நான் கேட்க மாட்டேன், அது உன்னுடையது, சொல்லத் தோன்றினால் சொல். ஆனால் டேபிளில் ஒரு கட்டுச் சட்டை முடிந்ததும் நாங்கள் குரல் கொடுப்போமே, நல்லது கெட்டது எதுவும் சொல்லாமல், அந்த ஒரு வார்த்தை எனக்கு வர வேண்டும். பார்த்தாச்சு. அது வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
எதையும் திருப்பிப் பார்க்காமல் அனுப்பாத உன் அம்மா