ஏழு தரம் கழுவிய தோணி

30.04.1985
செவ்வாய் இரவு

அன்புள்ள றஊப் காக்கா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். உங்களோடு ஒரே அறையில் படுக்கும் அப்துல் ஸமட் காக்காவுக்கும் காட்ட வேண்டாம், அவருடைய வாப்பா அன்றைக்குத் துறையடியில் நின்றவர். வாசித்து முடித்ததும் எரித்துவிடுங்கள்.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நீங்கள் அங்கே நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், தலைக்குத் துண்டு இல்லாமல் வெயிலில் நிற்கக் கூடாது. இது உம்மா எப்போதும் சொல்வது, சொல்லாமலே என் கை எழுதிவிடும். அதற்கு அடுத்ததாக இங்கு யாவரும் சுகம் என்று எழுதுவேன். இந்த முறை அதை எழுத முடியவில்லை. உயிரோடு இருக்கிறோம்.

நேற்றுத் தபாலில் போட்ட கடிதம் இதற்கு முன்னால் உங்களிடம் வந்துவிடும். அது உம்மாவின் பெயரில் என் கையெழுத்தில் இருக்கும், ஆனால் அதில் ஒரு சொல்கூட உம்மா சொன்னது இல்லை. கச்சிமுகம்மது மாமா கதிரையைப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றார். வாப்பாவின் தாடையை உடைத்தது பாண்டிருப்புத் தமிழ் ஆட்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவன் உன் சிநேகிதன் கோணாமலை என்று அதில் இருக்கும். அது பொய். வாப்பாவை அடித்தது நம் ஆட்கள். முதலில் அடித்தது மாமா. பெருநாளைக்கு நீங்கள் வருவீர்கள், வந்ததும் உங்களைக் கூட்டிக்கொண்டு கோணாமலை அண்ணனைத் தேடிப் போவதாக மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். உங்களுடைய கோபம் எனக்குத் தெரியும். உங்களைக் கண்டால் அந்த அண்ணன் ஒளிய மாட்டார், சிரித்துக்கொண்டு முன்னால் வருவார், அதை நினைத்தால்தான் எனக்குப் பயம். இன்று பின்னேரம் உம்மா அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார், "எனக்கு எழுத வாசிக்கத் தெரியா மகள். நீ என்னத்த எழுதுறாய் எண்டும் நான் கேக்கமாட்டன். விளக்குல எண்ணெய் ஊத்தி வெச்சிரிக்கன்." ஆகவே இதை உம்மாவின் கடிதம் என்றே வாசியுங்கள்.

எல்லாம் ஜிம்மியால் வந்தது, ஜிம்மியின் பேரில் பிழை இல்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்களும் கோணாமலை அண்ணனும் அவருடைய நாய் ஜிம்மியை நம் தோணியில் ஏற்றிப் பழக்கிய நாளில் மூன்று தரம் தோணி கவிழ்ந்தது. அது எழும்பி நின்றால் தோணி சரியும், அதனால் முன்பக்கத்தில் ஒரு சாக்கைப் போட்டு அதன் மேல் படுக்க மட்டும் பழக்கினீர்கள். காய்ந்த நாய் காய்ந்த சாக்கில் கிடந்தால் ஒரு குற்றமும் இல்லை என்று பள்ளிவாசல் லெப்பையோடு வாதாடிவிட்டு, நனைந்த நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். நாயின் ஈரம் பட்டால் மார்க்க முறைப்படி ஏழு தரம் கழுவ வேண்டும் என்று உம்மா உங்களைக் கிணற்றடியில் நிறுத்தி ஏழு வாளி தண்ணீர் ஊற்றினார், அதில் ஒரு வாளி மண் கரைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கோணாமலை அண்ணன் எண்ணினார். ஆறாவது வாளியில், "எனக்கு எண்ணிக்கை மறந்து போச்சு மச்சான், முதல்ல இருந்து தொடங்கு" என்றார். உம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வாப்பா துறையடியில் ஏழு மட்டிச் சிப்பிகளை மரவேரின் ஒரு பக்கத்தில் அடுக்கி வைத்தார். நாய் ஏறிய தோணியை ஒரு தரம் கழுவினால் ஒரு சிப்பியை மற்றப் பக்கம் தள்ள வேண்டும், ஏழும் போன பிறகுதான் வேறு ஆள் ஏறலாம். நீங்கள் தோணியை மிதக்க விட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்க, அந்த அண்ணன்தான் அநேகமாகச் சிப்பியைத் தள்ளித் தள்ளிக் கழுவுவார்.

இந்த மாதம் தமிழருக்கும் நமக்கும் கலவரம் தொடங்கியதை ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். இரண்டு பக்கமும் வீடு எரிந்தது, இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். மாமாவின் மருமகன் ஸைனுலாப்தீன் மச்சான் மாட்டுக்குப் புல் எடுக்கப் போன இடத்தில் அவரை வெட்டிப் போட்டார்கள். மையித்தைக் குளிப்பாட்ட வைத்தபோது ஒரு கை இல்லை. மாமா டோர்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் வயலெல்லாம் தேடி அந்தக் கையைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவர் பழைய ஆள் இல்லை. அடுத்த நாள், சனிக்கிழமை, நம் பக்கத்துப் பொடியன்கள் போய் கோணாமலை அண்ணனின் வீட்டையும் சேர்த்து எரித்தார்கள். அவருடைய அம்மா நேசம்மா மாமி மற்றவர்களோடு பள்ளிக்கூடத்தில் ஏற்படுத்திய அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணனுக்கு வழி அடைபட்டுவிட்டது, நம் துறையடிக்குத்தான் ஓடி வந்தார், நாயும் பின்னால் வந்தது. வாப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரைத் தோணியில் படுக்க வைத்துப் பன் பாயால் மூடி, நீங்கள் நண்டு பிடிக்கப் போகும், துறைக்கு எதிரே தண்ணீருக்கு நடுவில் தெரியும் கண்ணா மரக் காட்டுத் திட்டில் கொண்டுபோய் இறக்கினார்.

நாயைத் திட்டில் விட்டால் குரைத்துக் காட்டிக்கொடுக்கும் என்று துறையடித் தாழைக்குள் கட்டி வைத்தோம். ஒவ்வொரு நாளும் வாப்பா சோறு கொண்டு போகும்போது அதையும் ஏற்றிக்கொண்டு போவார். அதுதான் அவர்களுக்குள் அடையாளம். முன்பக்கச் சாக்கில் ஜிம்மி படுத்திருந்தால் வருவது வாப்பா, அண்ணன் வெளியே வரலாம். நாய் இல்லாத தோணி வந்தால் மரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். முதலைக்கும் அது காவல். முதலை நாற்றம் பட்டால் ஜிம்மி குரைக்காது, வயிற்றுக்குள்ளிருந்து ஒரே இழுவையாக உறுமும், அந்தச் சத்தம் தண்ணீர் மேலால் துறை வரைக்கும் வரும். அதைக் கேட்டால் தண்ணீரில் நிற்பவர் என்ன ஏதென்று பார்க்காமல் கரையேற வேண்டும், அது நீங்கள் போட்ட சட்டம்.

இனி எழுதப்போவதற்கு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். வியாழக்கிழமை வாப்பா திரும்பி வந்து, நாயைத் தாழைக்குள் விட்டுவிட்டு, தோணியைக் கழுவ வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்று என்னிடம் சொன்னார். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. நாய் ஈரத்தோடு படுத்த தோணி, யாராவது தெரியாமல் ஏறி அதே உடுப்போடு தொழுதால் அந்தப் பாவம் நமக்கு என்றுதான் நினைத்தேன். வாப்பா பின்னேரம் அஸறு தொழப் போனதும் மண்ணைக் கரைத்துத் தேய்த்து, சிப்பியைத் தள்ளித் தள்ளி ஏழு தரமும் கழுவினேன். மாமாவும் நாலு பேரும் அந்த வழியால் வந்தார்கள். மாமா தோணியின் முன்பக்கத்தில் விரலை வைத்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். வேரடியில் கிடந்த சிப்பிகளையும் பார்த்தார்.

"உங்கிட வீட்டுல நாய் இல்லியே புள்ள. ஆரு நாயேத்தினது?"

அதற்குள் வாப்பா வந்துவிட்டார். பழைய அழுக்கு மச்சான், நான்தான் கழுவச் சொன்னேன் என்றார். மாமா அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோணிக்குள் கிடந்த துடுப்பை எடுத்து, அகலமான பக்கத்தால் வாயில் அடித்தார். பல் இரண்டு மண்ணில் விழுந்தது. "என்ட மருமகன்ட கைய நான் பொறுக்கி வந்தன், நீ அவனுகளுக்குச் சோறு கொண்டு போறாய்" என்று சொல்லி மறுபடியும் அடித்தார். அப்போதுதான் தாடை உடைந்தது, அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். வாப்பா கீழே விழுந்த பிறகு மற்றவர்களும் மிதித்தார்கள். கையை ஊன்றி எழும்பப் பார்த்தவரின் விரல்கள் மேல் அப்துல் ஸமட் காக்காவின் வாப்பா ஏறி நின்றார். நான் கத்தினேன், ஒருவர் என் பின்னலைப் பிடித்துத் தாழைப் பக்கம் தள்ளிவிட்டார். வாப்பா கிடந்த கிடையைக் கண்டு ஜிம்மி கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்து மாமாவின் கெண்டைக்காலைக் கவ்வியது. அதன் முதுகிலும் துடுப்பால் போட்டார்கள். திட்டு எது என்று வாப்பா வாய் திறக்கவில்லை, திறக்கவும் முடியாது. ஆனால் நீங்களும் அண்ணனும் நாயும் அந்தத் தோணியில் எங்கே போய் வருவீர்கள் என்பது ஊருக்கே தெரியும். நாயின் கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்துச் சாக்கில் படுக்க வைத்தார்கள். மாமாவும் இன்னும் இரண்டு பேரும் ஏறினார்கள். அதைக் கண்டால் அவன் வெளியே வருவான் என்று மாமா சொன்னது எனக்குக் கேட்டது.

அவர் வந்தார் காக்கா. நல்ல வெளிச்சம் இருந்தது. மரத்துக்குள்ளிருந்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையை உயர்த்தினார். வாப்பாவின் தலை என் மடியில் இருந்தது, என் சட்டையெல்லாம் இரத்தம், கண்ணை மூடிக்கொள்ள நினைத்தும் மூட முடியவில்லை. அப்போது ஜிம்மி உறுமியது. குரைக்கவில்லை. முதலைக்கு உறுமுகிற அதே இழுவை. அண்ணன் கையை இறக்கினார், ஒரு கணம் நின்றார், திரும்பிப் பாய்ந்து மரத்துக்குள் மறைந்துவிட்டார். மாமா எழும்பி நின்று கத்தியால் நாயை வெட்டினார். இரண்டாம் வெட்டுக்கும் அதன் உறுமல் நிற்கவில்லை. நாலோ ஐந்தோ வெட்டினார். தோணி சரிந்து மற்ற இரண்டு பேரும் தண்ணீருக்குள் விழுந்தார்கள், ஒருவர் பயத்தில் முதலை முதலை என்று கத்தினார். அதற்கு மேல் தேட அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. நாயைத் தோணிக்குள்ளேயே போட்டுவிட்டு வந்து கரையேறினார்கள். வாப்பாவைத் தாண்டிப் போகும்போது மாமா தன் தலையிலிருந்த துண்டை எடுத்து என் பக்கம் எறிந்தார், இரத்தம் துடைக்க. அந்தத் துண்டால்தான் இன்றைக்கும் வாப்பாவின் தாடையைக் கட்டியிருக்கிறோம்.

ஊரடங்கு கொஞ்ச நேரம்தான் தளர்கிறது, அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடியவில்லை. கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் வாய் ஓரத்தில் ஊற்றுகிறோம், பாதி வெளியே வழிகிறது. இடது கையில் மூன்று விரல் மடங்காது போல் இருக்கிறது. கண்ணால் என்னிடம் ஏதோ சொல்லப் பார்க்கிறார். என்னைக் கோபிக்கிறாரா என்று கேட்டேன், இல்லை என்று தலையை அசைத்தார், அசைத்ததில் வலி வந்து அழுதார்.

வெள்ளிக்கிழமை விடியச் சுபஹு தொழுதுவிட்டு நாயைப் புதைக்கலாம் என்று மண்வெட்டியோடு துறையடிக்குப் போனேன். தோணிக்குள் நாய் இல்லை. இரத்தம் இல்லை, சாக்கும் இல்லை. தோணி முழுக்க மண் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தது, பலகை இடுக்குகளில் சேறு இன்னும் ஈரமாக இருந்தது. முதல் நாள் நான் தள்ளிய சிப்பிகள் ஏழும் பழைய பக்கத்துக்கு வந்திருந்தன, வரிசையாக. நம் ஆட்களில் ஒருவரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். அந்த இருட்டில், தன்னை வெட்டக் காத்திருக்கும் ஊருக்குள் நீந்தி வந்து, தன் நாயைத் தூக்கிக்கொண்டு, அதன் இரத்தத்தை நம் முறைப்படி கழுவிவிட்டுப் போக யாரால் முடியும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இது மட்டும்தான் என்னிடம் உள்ள சாட்சி. அவர் உயிரோடு இருக்கிறார். அவருக்கு நம்மில் கோபம் இல்லை. நேற்றைய கடிதத்தை நம்பி அவரைக் கொல்ல வராதீர்கள். வந்தால் மாமா வீட்டில் இறங்காமல் நேரே வாப்பாவிடம் வாருங்கள்.

கடைசியில் எழுத வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன், முடிக்க நேரம் கிடைக்குமோ தெரியாது. உறையில் முகவரி எழுதி வைத்துவிட்டேன். காலையில் உம்மா அதை அரிசிப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய்த் தபாலில் போடுவார். வாப்பாவும் உம்மாவும் உங்களுக்காகக் கேட்கும் துஆ எல்லாம் உங்களோடு இருக்கட்டும், ஐந்து நேரமும் தொழுங்கள், கோபத்தில் ஒரு முடிவும் எடுக்க வேண்டாம். இப்படிக்கு, உம்மாவுக்காகவும் பேச முடியாத வாப்பாவுக்காகவும் தங்கச்சி சுஹறா.

இன்னும் ஒன்று. கழுவிய தோணியை மாமாவும் அன்றைக்கே கண்டுவிட்டார். யார் கழுவியது என்று கேட்டார், நான் என்றேன், நம்பிவிட்டுப் போனார். ஆனால் இன்று மத்தியானம் லுஹருக்குப் பிறகு பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா மாமி, கள்ளமில்லாமல், வியாழன் இரவு முழுக்க இந்தப் பிள்ளை வாப்பாவின் தலைமாட்டை விட்டு அசையவில்லை, சுபஹு வரைக்கும் நானும் கூட இருந்தேன் என்று மாமாவிடம் என்னைப் புகழ்ந்து சொல்லிவிட்டார். மாமா என் கைகளைப் பார்த்தார். அண்ணன் இரவில் வந்து போகிறார் என்று தெரிந்தால் துறையடியில் ஆள் வைத்துக் காத்திருப்பார்கள். ஆகவே நான் சொன்னதில் மாற மாட்டேன், அடித்தாலும்

கதவைத் தட்டுகிறார்கள். உம்மா ஆரு என்று கேட்கிறார். மாமாவின் குரல்தான். புள்ளைய எழுப்பு, தோணி கழுவின கதையைக் கேக்கணும் என்கிறார். வாப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார். காக்கா, மறந்துவிடாதீர்கள், உங்களிடம் யார் கேட்டாலும் இதையே சொல்லுங்கள், தோணியை நான்தான் கழுவினேன், மண் போட்டு ஏழு தரமும் நான்