மெல்லத் தொட்டால் ஓடும் மேசை

அன்புள்ள அத்தான்,

மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இன்னும் தேக்கா சந்தையில் யாராவது "கதிரு!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டால் நீங்கள்தான் என்று திரும்பிவிடுகிறேன். ஒரு நல்ல சேதி இருக்கிறது. அதற்கு முன்னால், இதைப் படிக்கிற மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று உங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோபிக்க மாட்டீர்களே?

சிராங்கூன் சாலையில் துணிக்கடைக்கு மேலே ராவுத்தர் பாயின் பில்லியர்ட்ஸ் கூடம். அங்கே இருந்த ஒரே மேசை எவ்வளவு மோசம்! பச்சைத் துணி நைந்து, மழைக்கால ஈரத்தில் கனத்துக் கிடக்கும். ஓரத்து ரப்பர் செத்துப்போய், மோதிய பந்து திரும்பி வரவே யோசிக்கும். ஓங்கி அடித்தால்தான் எதுவும் நகரும். ஓங்கி அடிப்பதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை.

அப்புறம் துறைமுக வேலையில் கயிற்றில் சிக்கி உங்கள் இடது கையில் இரண்டு விரல் போனது. பந்தை அடிக்கும் கோலைத் தாங்கும் கை அது. காயம் ஆறியதும் வந்து ஓங்கினீர்கள்; கோல் விலகி, பந்து எங்கோ போயிற்று. திரும்பத் திரும்ப அதேதான். "போதும் கதிரு, இனி நமக்கு இது வேணாம்" என்றீர்கள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள்.

"எங்கயாவது கூட்டிட்டுப் போடா. இவரு இப்படி இருக்கிறத என்னால பாக்க முடியல" என்றாள் அக்கா.

ஆபீஸ் நண்பர் ஒருவர் உறுப்பினராக இருந்த சங்கத்துக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே புதுத் துணி போட்ட மேசை. ராவுத்தர் கூடத்துப் பழக்கத்தில் நான் முதலில் ஓங்கி அடித்தேன். பந்து மூன்று பக்கமும் மோதி என்னிடமே திரும்பி வந்தது. நீங்கள் சிரித்துவிட்டீர்கள். எத்தனை மாதம் கழித்து! பிறகு நீங்களாகவே கோலை எடுத்தீர்கள். மீதி விரல்களை விரித்து ஊன்றி, சும்மா தொடுவதுபோல் அடித்தீர்கள். சிவப்புப் பந்து உருண்டு போய்க் குழியில் விழுந்தது.

"கதிரு, இது சொன்னா கேக்குதுடா! கத்தவே வேணாம்."

அந்தக் குழிகள் குறுகல். கொஞ்சம் தப்பினாலும் பந்தை வெளியே தள்ளிவிடும். அதற்காகவே நிதானமாகக் குறிபார்க்கப் பழகினீர்கள். சங்கப் போட்டியில் கடைசி ஆட்டம் வரை போய், கடைசியாக விழவேண்டிய கறுப்புப் பந்தில் தோற்றீர்கள். தோற்றவர் போலவா வீட்டுக்கு வந்தீர்கள்? ஒவ்வொரு அடியையும் அக்காவுக்கு நடித்துக் காட்டியதில் சோறே ஆறிப்போனது.

இனி சேதி. ராவுத்தர் பாய் தன் மேசைக்குப் புதுத் துணியும் புது ரப்பரும் போட்டுவிட்டார். "கை அடிபட்டவங்களும் இங்க ஆடணும்ல தம்பி" என்றார். அக்காவும் நானும் இப்போது குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் இருக்கிறோம். அவளிடம் சொன்னேன். "நான் பாக்கணும்" என்றாள். ராவுத்தர் பாயின் கூடம் பெண்கள் ஏறாத மாடி. போன ஞாயிறு ஏறினாள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். துணியைத் தடவிப் பார்த்தாள். "நானும் அடிக்கட்டுமா?"

முதல் அடி பந்தில் படவேயில்லை. அடுத்ததில் பந்து மெல்ல ஓடி, எதிர் ஓரத்தைத் தொட்டுத் திரும்பியது.

"இதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை ஆனா காணாமப் போவாரா?" என்றாள். அழவில்லை அத்தான், சிரித்தாள்.

வரும் ஞாயிறும் போகவேண்டுமாம். நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். பேசட்டும். அவளுக்கு அலுக்கும்வரை நான் கூட்டிக்கொண்டு போவேன். இது சத்தியம்.

உங்கள் மச்சினன்,
கதிரேசன்