தானாக அலறும் ஹாரன்

ஆகஸ்ட் 5, திங்கள்
வேனுக்கு ஸ்டியரிங் வீல் மாற்றியாகிவிட்டது. பழையது விரிசல் விட்டு உள்ளங்கையைக் கடித்துக்கொண்டிருந்தது. மங்கலம்பேட்டை பழைய சாமான் கடையில் கிடைத்ததை நானே மாட்டினேன். சாக்பீஸால் அடையாளம் வைத்துக் கழற்றியதால் நேராக உட்கார்ந்தது. கெட்டது ஹாரன்தான். இடப்பக்கம் ஒடித்தால் தானாக அலறுகிறது. ஹாரன் கம்பி இரும்பில் படாமல் தாங்கும் சின்ன வளையம், புஷ், பொடிந்துபோயிருக்கிறது. இருபத்தெட்டு வருஷத்து வண்டிக்கு எந்தக் கடையிலும் அது இல்லை.

“பீங்கான்ல செஞ்சா என்னாங்க? கரண்டு கம்பத்துல அதான வைக்கிறாங்க” என்றாள் என் மனைவி அமுதா. செராமிக் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதுகிறவளுக்கு ஹாரனைப் பற்றி என்ன தெரியும்? சிரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6
பொடிந்த துண்டுகளை டிபன் பையில் போட்டுக்கொண்டாள். “திலீபன் செஞ்சு தரேன்னாருங்க.” திலீபன் அவர்கள் கம்பெனியில் புதிதாகச் சூளை பார்க்கிறவன். சூளைக்காரன் என்றதும் சரி என்றேன். ஆனால் அவனிடம் என் வண்டிக் கதை எதற்கு?

ஆகஸ்ட் 9
சாயங்காலம் கூட்டிவரப் போனால் அரைமணி தாமதம். திலீபனோடு சிரித்தபடி வந்தாள். டிபன் திறக்கவே இல்லை. நகத்தில் காய்ந்த மண். கண் எழுதுகிறவள் நகத்தில் எதற்கு மண்? கேட்கவில்லை. கேட்டால் நான் சின்ன மனுஷன் ஆகிவிடுவேன்.

சின்ன மனுஷன்தான். எரிகிறது.

ஆகஸ்ட் 14
புஷ் வந்தது. சுண்டைக்காய் அளவு. போட்டால் உள்ளே கலகலவென்று ஆடுகிறது. சுட்டால் மண் சுருங்கும் என்பதுகூடத் தெரியாமல் அளவெடுத்திருக்கிறான். “இவனெல்லாம் ஒரு ஆளா?” என்று வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் முகம் செத்துப்போனது. அவனைச் சொன்னால் இவளுக்கு ஏன் வலிக்கிறது?

ஆகஸ்ட் 21
இரண்டாவது புஷ். கச்சிதம். அமுக்கினால்தான் அடிக்கிறது. இடப்பக்கம் ஒடித்தேன், வலப்பக்கம் ஒடித்தேன், சத்தமே இல்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் தாங்கவில்லை. “நல்லா இருக்குதுங்களா?” என்று நாலு தடவை கேட்டாள். ஏதோ அவன் சார்பில் பரிசு வாங்க வந்தவள் மாதிரி.

ஆகஸ்ட் 23
ஸ்ரீமுஷ்ணம் போய் வருவதற்குள் நூறு தடவை ஹாரன் அடித்திருப்பேன். நூறு தடவையும் திலீபன். முடியவில்லை. கழற்றித் தொழிற்பேட்டைக்குப் பின்னால், உடைந்த பொம்மைகளைக் கொட்டும் உடைசல் மேட்டில் வீசிவிட்டேன். பழைய செருப்பு ரப்பரை வட்டமாக வெட்டிச் செருகினேன்.

வீட்டில் கேட்டாள். “அவன் செஞ்சது என் வண்டிக்கு வேணாம். உனக்கு வேணும்னா அவங்கூடயே போ” என்றேன்.

சொல்லிவிட்டேன். பதினாறு வருஷத்தில் சொல்லாத வார்த்தை.

ஆகஸ்ட் 24
நல்லூரில் இருக்கும் அவள் அக்கா திரௌபதி வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ்ஸில்.

ஆகஸ்ட் 27
ஜங்ஷனில் செருப்பு ரப்பர் நழுவியது. ஹாரன் நிற்கவே இல்லை. வண்டி நிறையப் பொம்மை, சுற்றிலும் கூட்டம். பைக்கில் போன திலீபன்தான் இறங்கி வந்து ஒயரைப் பிடுங்கினான்.

“அக்கா செஞ்ச புஷ்ஷு என்னாண்ணே ஆச்சு?”

“எந்த அக்கா?”

“அமுதா அக்காதான். மத்தியானம் சாப்புடாமகூட உக்காந்து செஞ்சாங்களே. மொதல்ல சுருங்கிப் போச்சுன்னு அழுதாங்க. எவ்ளோ சேத்து வைக்கணும்னு சொல்லிக் குடுத்தேன், சூளையில ஒரு ஓரம் குடுத்தேன், அவ்ளோதான். அவங்க பேர சொன்னா நீங்க மாட்ட மாட்டீங்கன்னு என் பேர சொல்லச் சொன்னதே நாந்தாண்ணே.”

நகத்து மண். திறக்காத டிபன். செத்துப்போன முகம். அய்யோ, எல்லாம் என் கண் முன்னால்தானே இருந்தது! அவள் மண்ணிலிருந்து செய்ததைப் பார்த்துத்தான் வயிறு வலிக்கச் சிரித்தேனா?

ஆகஸ்ட் 28
உடைசல் மேட்டில் இரண்டு மணி நேரம் தேடினேன். எல்லாமே வெள்ளை. யானைக் காது, கிளி மூக்கு, கோப்பைப் பிடி. உடைந்த முகங்களில் கண் எழுதியிருந்தது. அவள் எழுதியவையாகத்தான் இருக்கும். புஷ் கிடைக்கவில்லை.

நல்லூருக்குப் போனேன். வாசலில் நிறுத்திக் கூப்பிட ஹாரன் இல்லை.

“புஷ்ஷு எங்க?” என்றாள்.

“உடைசல் மேட்டுல வீசிட்டேன். நீ செஞ்சதுன்னு தெரியாது.”

“அவரு செஞ்சதா இருந்தா மட்டும் அந்த வார்த்த சரியாயிடுமா?”

திரும்பி வந்தேன்.

செப்டம்பர் 2
பஸ்ஸிலேயே வேலைக்கு வருகிறாள். நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினேன், ஏறவில்லை. நான் நீட்டிய காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். அதில் புஷ்ஷின் உள்ளளவு, வெளியளவு. கீழே, “சொன்னது தப்பு. நீ செய்து தந்தால் மாட்டுகிறேன்.”

செப்டம்பர் 13
நேற்று வந்தாள். பை ஒரு கையில், மறு கையில் கைக்குட்டையில் சுற்றிய புஷ். வீட்டுக்குள் போகாமல் நேராக வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, நான் நட்டை முடுக்கினேன். “அடிச்சுப் பாரு” என்றேன். அந்த வண்டியில் அவள் ஹாரன் அடித்தது அதுதான் முதல் தடவை. தெருவே எட்டிப் பார்த்தது. கையை எடுத்தாள், நின்றது.

இந்த புஷ் யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. நானே சொல்கிறேன். இன்றைக்குத் திலீபனிடமும் சொன்னேன்.