முழுப் பெயரோடு ஒரு சி.டி.

விருதுநகர்,
14.11.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் நலம். உங்கள் கைக்கொப்புளம் ஆறிவிட்டதா?

மதுரைக் கண்காட்சிக்காகப் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் பன்னிரண்டு பேர் சொன்னதை, அவரவர் பெயரும் ஊரும் ஆங்கில எழுத்தில் வைத்துத் தனித்தனி ஃபைலாகச் சேமித்திருந்தேன். இன்று மாலை கம்ப்யூட்டர் லேபில், லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை தட்டி, அந்த ஃபோல்டரை அப்படியே சி.டி.யில் எழுதுவதற்கான இமேஜாக மாற்றினேன். நீளப் பெயருக்கான குறியைச் சேர்க்க மறந்துவிட்டேன். திறந்து பார்த்தால் எல்லாப் பெயரும் எட்டெழுத்தோடு நறுக்கப்பட்டிருந்தன. ஒரே பெயர் இரண்டு வந்தால் எண் போட்டுவிடுகிறது. அச்சங்குளம் வள்ளித்தாயான நீங்கள் ‘VALLI000’, ஆனைக்குட்டம் வள்ளித்தாய் ‘VALLI001’.

“விசயம் உள்ள இருக்குல்ல, பேரை எவன் பாக்கப் போறான்? லேப்பைப் பூட்டணும், எந்திரி பிள்ளே” என்றார் லேபைப் பார்த்துக்கொள்ளும் கதிரவன் சார்.

“கம்பெனியிலதான் எங்கம்மாவுக்கு நம்பரு. இங்கன பேருதான் சார் இருக்கணும்.”

குறியைச் சேர்த்து மறுபடி தட்டினேன். எல்லாப் பெயரும் முழுதாக வந்தன. சி.டி. இப்போது எழுதப்படுகிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஞாயிறு வரும்போது தேங்காய் எண்ணெய் கொண்டுவாருங்கள். எண்ணெய் இல்லாவிட்டாலும் வாருங்கள்.

சி.டி. முடியாமல் எழுந்திருக்க மாட்டேன். சார் விளக்கை அணைத்துவிட்டார், திரை வெளிச்சம் போதும்.

உங்கள் மகள்
எழில்