ஜிமிக்கியின் அளவு

ஆகஸ்ட் 8, வெள்ளி.

அம்மாவின் ஆன்லைன் கடையில் வாங்கிய ஜிமிக்கிகளை மூன்று பேர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொன்று திரும்பினால் கடையை மூடிவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். இன்று மாலை நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆன்ட்டி அழைத்தார். நான்தான் போனை எடுத்தேன்.

"கடையில ஜிமிக்கிப் படத்துக்குக் கீழ 'நிலவில் பூத்த மணி'ன்னு எழுதினது யாரு மக்கா?"

"நான்தான் ஆன்ட்டி."

"எழுத்தெல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. வந்தது நல்லமிளகு அளவுல்லா இருக்கு! காதுல போட்டு ஒரு படம் எடுக்கப்பிடாதா?"

எனக்கு முகம் சுட்டது. வாழையிலையில் வைத்து அழகாகப் படமெடுத்தேனே தவிர, அளவை எழுதத் தோன்றவே இல்லை. திருப்பி அனுப்பச் சொன்னேன்.

"வேண்டாம், இது என் சின்ன மவளுக்கு ஆகும். எனக்குப் பெரிசா ஒண்ணு அனுப்பு."

உடனே வர்ணனைகளை அழித்தேன். ஸ்கேலால் அளந்து எழுதினேன். ஒவ்வொரு ஜிமிக்கியையும் அம்மாவின் காதில் மாட்டிப் படமெடுத்தேன்.

"நரைமுடி தெரியாம எடுடீ!" என்று அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். ஓண விற்பனைக்குப் புது மாடல் வாங்க நாளை, நகைகள் மொத்த விலைக்குக் கிடைக்கும் சாலைக் கடைத்தெருவுக்குப் போகலாம் என்கிறாள்.

அந்த ஆன்ட்டிக்கு நன்றி சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.