கிழங்கு நூடுல்ஸ்

செவ்வாய், இரவு.

என் எடை குறையட்டும் என்று ஆன்லைனில் வாங்கிய கிழங்கு நூடுல்ஸை இன்று பிரித்தேன். பாக்கெட்டுக்குள்ளேயே தண்ணீரில் மிதந்தது, மீன் கழுவிய வாடை. நாலு முறை அலசி, வெறும் வாணலியில் புரட்டி, கோஸும் மிளகும் போட்டதும் வாடை போய்விட்டது. மைதாவே இல்லாமல் வெறும் கிழங்கில் எப்படி இத்தனை நீளம் என்று ஒன்றை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டீல் கம்பெனியில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்து முழுசும் சாப்பிட்டார்.

"எனக்கும் தெனம் இதையே செய்."

"உங்களுக்கு இன்னாத்துக்கு டயட்டு?"

"கிரேன் ஏணியில பாதிப் பாதியில மூச்சு வாங்க நின்னு நின்னு ஏறிக்கினு இருக்கேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். கை கழுவப் போய்விட்டார்.

நாளைக்கு லீவு போடச் சொல்லிவிட்டேன். முதலில் டாக்டர். நூடுல்ஸ் அப்புறம்.